குழந்தை மூளைக்கட்டிக்கு மார்க்கர் பேனல்: ராமநாதபுரம் கரையிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

மூளைக்கட்டி வந்த இரண்டு பிள்ளைகளின் பயாப்சி ரிப்போர்ட்டிலும் 'கிரேடு 4', அதாவது மிகத் தீவிரமான தரம், என்றே அச்சாகியிருக்கும். ஒரு பிள்ளைக்கு சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி, அதிலும் டபிள்யூ.என்.டி. என்ற மரபணு வகை. முறையாக வைத்தியம் பார்த்தால் இந்த வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். இன்னொரு பிள்ளைக்கு மூளைத்தண்டில் டிஃப்யூஸ் மிட்லைன் கிளையோமா, அதாவது மூளையின் நடுக்கோட்டில் பரவலாக வரும் கட்டி. அதில் பாதிப் பிள்ளைகள் ஒரு வருடத்தைக்கூடத் தாண்டுவதில்லை. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டு குடும்பங்களும் நடக்கப்போகும் பாதை வேறு வேறு. எந்தப் பாதை என்று சொல்வது, திசுவில் போடும் சில மார்க்கர்கள், அதாவது கட்டியின் வகையைக் காட்டும் புரத, ஜீன் அடையாளங்கள். அவற்றைச் சேர்த்துப் போடும் தொகுப்புதான் பேனல்.

இங்கே மதிப்பிடுவது அந்த மார்க்கர் பரிசோதனைச் சேவையைத்தான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை என்று எந்த ஊர்ப் பிள்ளைக்கும் மூளை அறுவை பெரும்பாலும் மதுரையிலோ சென்னையிலோ நடக்கிறது. கட்டித் திசுவை மெழுகில் பதித்த பிளாக் ஆபரேஷன் நடந்த ஊரில் இருக்கும், பிள்ளை வீடு திரும்பியிருக்கும், மார்க்கர் போடும் லேப் மூன்றாவது ஊரில் இருக்கும். நடுவில் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு அலைவது அப்பாவோ தாய்மாமாவோதான். ராமநாதபுரம், பரமக்குடி கலெக்‌ஷன் சென்டரில் நின்று "தம்பி, கிரேடு நாலுன்னு போட்டிருக்கே, அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்கும் அம்மாவுக்கு, "அதை டாக்டர்தான்க்கா சொல்லணும், இப்போ எந்தப் பேனல் போடணும்னு சொல்லுங்க" என்றுதான் கவுன்ட்டரில் பதில் வரும். எந்தப் பேனல் என்பதை அந்த அம்மா எப்படிச் சொல்வார்? அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியாகத் தேர்ந்தெடுத்த ஐ.எச்.சி. பேனல் (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியால் திசுவுக்கு நிறமேற்றிப் பார்ப்பது), கொடுக்கிற காசு ஒவ்வொன்றுக்கும் தகுதியானது. ஃபிஷ் பரிசோதனை (ஜீன் பெருகியதா, இணைந்ததா என்று ஒளிரும் குறிகளால் பார்ப்பது), பதில் வைத்தியத்தை மாற்றும் இடத்தில் மட்டும். டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகளைப் படிக்கும் மெத்திலேஷன் அருமையான பரிசோதனை. ஆனால் எல்லோருக்கும் வேண்டியதில்லை, அதற்காகக் காத்திருந்து கதிர்வீச்சைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த மூன்றையும்விட முக்கியம் பிளாக்கின் தரம். கெட்டுப்போன பிளாக்குக்கு எவ்வளவு பெரிய லேப்பும் பதில் சொல்ல முடியாது.

ஆகவே பாட்டிலிலிருந்து ஆரம்பிப்போம். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும். சலைனில் போட்டு வைப்பது, ஈரத்துணியில் சுற்றி மறுநாள் வரை வைப்பது இரண்டும் திசுவைச் சாகடிக்கும். திசு ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் பத்துப் பங்கு. சின்னத் துண்டு என்று ஊசிமருந்து பாட்டிலில் அடைத்தால், வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே போகும்போதும் எடுக்கும்போதும் நசுங்கும். மூளைத் திசு தயிர் மாதிரி, நசுங்கினால் செல்கள் கோடு கோடாக இழுபட்டு எந்த ஸ்டெயினும் படிக்க முடியாமல் போகும். அகலவாய் பாட்டில் வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு அறுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஃபார்மலின் நடுவரை போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும்.

ஃபார்மலின் என்று பொதுவாகச் சொன்னாலும் தேவை பஃபர் (அமிலமாகாமல் காக்கும் உப்பு) போட்டது. ஒரு லிட்டருக்குக் கணக்கு இது: 37-40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மில்லி, டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இதில் டிஸ்டில்டு வாட்டர் என்ற இடத்தில்தான் நம் கரையோரம் வழுக்கி விழுகிறது. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் ஏறிய ஊர்கள் இவை. அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள்: கால்சியத்தோடு சேர்ந்து பால் கலந்ததுபோல வெண்மையாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு மாதிரிப் படியும். படிந்தது பஃபர். மேலே நிற்பது பாஸ்பேட் குறைந்த ஃபார்மலின், நாளாக ஆக அமிலமாகும். அமிலமான ஃபார்மலினில் கிடந்த திசுவில் பழுப்பு நிறத் துகள்கள் படிந்திருக்கும், ஐ.எச்.சி.யும் பழுப்பு நிறத்தில்தான் தெரியும் என்பதால் எது ஸ்டெயின், எது அழுக்கு என்று பிரிக்கப் பாடுபட வேண்டும். டி.என்.ஏ.வும் துண்டு துண்டாகி, பின்னால் வரும் ஜீன் பரிசோதனைகள் எல்லாம் 'தோல்வி' என்று திரும்பும். மூளைக்கட்டி மட்டுமல்ல, இங்கிருந்து பாட்டிலில் போகும் எந்தப் பயாப்சிக்கும் இது பொருந்தும். கலங்கிய ஃபார்மலினை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், தயங்க வேண்டாம்.

ஊறவைக்கும் நேரம் 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, 48 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை எடுத்த திசு திங்கள் மதியம் வரை கிடப்பது நடைமுறையில் நடக்கிறது. அப்படியானால் ரிப்போர்ட்டில் அந்த மணிக்கணக்கை எழுதச் சொல்லுங்கள். நீள ஊறிய திசுவில் சில ஆன்டிபாடிகள் ஒட்டாது, அதை 'மார்க்கர் இல்லை' என்று தவறாகப் படித்துவிடுவார்கள்.

இனி பேனல். பல லேப்கள் 'மூளைக்கட்டி பேக்கேஜ்' என்று பத்து மார்க்கர் சேர்த்து விற்கின்றன. அதில் ஜி.எஃப்.ஏ.பி., சினாப்டோஃபைசின், எஸ்-100, விமென்டின், கி-67 என்று வரிசையாக இருக்கும். இவை கட்டி எந்த வகைச் செல்லிலிருந்து வந்தது என்று சொல்ல உதவும். அந்த அளவில் சில வேண்டியவைதான். ஆனால் பிள்ளைக்கு என்ன ஆகும், எவ்வளவு வைத்தியம் வேண்டும் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. குறிப்பாகக் கி-67. எத்தனை சதவீதச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு அது. மெடுல்லோபிளாஸ்டோமாவில் நன்றாகப் பிழைக்கும் வகையிலும் மோசமான வகையிலும் இந்த எண் உயர்ந்தே இருக்கும். '60 சதவீதம்' என்ற எண்ணைப் பார்த்து உடைந்துபோகும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். பேக்கேஜ் பட்டியலில் கீழே சொல்லும் பெயர்கள் இல்லை என்றால் அந்தப் பேக்கேஜை வாங்காமல், தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சிறுமூளைக் கட்டி என்றால் முதலில் ஐ.என்.ஐ.1. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இதைப் போடாமல் 'மெடுல்லோபிளாஸ்டோமா' என்று எழுதும் ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். ஏ.டி.ஆர்.டி. என்ற வேறு கட்டி, சாதாரண ஸ்டெயினில் அச்சு அசலாக மெடுல்லோபிளாஸ்டோமா மாதிரியே இருக்கும். அதன் வைத்தியமும் கணிப்பும் வேறு. இந்த மார்க்கர் அழகாகத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். ஐ.என்.ஐ.1 என்பது உடம்பின் எல்லாச் செல் நியூக்ளியஸிலும் இருக்கும் புரதம். ஏ.டி.ஆர்.டி. ஸ்லைடை 40 எக்ஸ் லென்ஸில் வைத்தால், நெருக்கமாகக் கிடக்கும் கட்டிச் செல்கள் எல்லாம் வெளிர் நீலமாக, வெறுமையாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாயின் சுவரில் மட்டும் நியூக்ளியஸ்கள் பழுப்பாக, எள்ளு கோர்த்ததுபோல நிற்கும். ரத்தக்குழாய் பழுப்பு, கட்டி நீலம்: மார்க்கர் உண்மையிலேயே இழந்துபோயிருக்கிறது. ரத்தக்குழாயும் நீலம் என்றால் ஸ்டெயின் வேலை செய்யவில்லை, அந்த ஸ்லைடுக்கு அர்த்தமே இல்லை, திரும்பப் போட வேண்டும். நல்ல ரிப்போர்ட் 'உள் கன்ட்ரோல் சரியாக உள்ளது' என்ற ஒரு வரியை எழுதும். அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லேப்பை எடைபோட இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

மெடுல்லோபிளாஸ்டோமா என்று உறுதியானால் நான்கு மார்க்கர்கள் சேர்ந்து போக வேண்டும்: பீட்டா-கேட்டனின், காப்-1, யாப்-1, பி-53. ஒன்றை மட்டும் போட்டு முடிவு சொல்ல முடியாது. இந்தக் கட்டியில் டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4 என்று நான்கு மரபணு வகைகள் உண்டு. டபிள்யூ.என்.டி. வகையில் பீட்டா-கேட்டனின் நியூக்ளியஸுக்குள் ஏறியிருக்கும், யாப்-1 இருக்கும், காப்-1 இருக்காது. எஸ்.எச்.எச். வகையில் காப்-1, யாப்-1 இரண்டும் இருக்கும், பீட்டா-கேட்டனின் செல்லின் சைட்டோபிளாசத்தோடு (நியூக்ளியஸுக்கு வெளியே உள்ள பகுதி) நின்றுவிடும். காப்-1, யாப்-1 இரண்டுமே இல்லையென்றால் குரூப் 3 அல்லது குரூப் 4. இந்த இரண்டையும் ஐ.எச்.சி.யால் உறுதியாகப் பிரிக்க முடியாது. 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாடு இந்த மரபணுப் பிரிவை ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்கிறது. அதற்குப் பிறகும் வெறும் 'கிளாசிக் மெடுல்லோபிளாஸ்டோமா, கிரேடு 4' என்று ரிப்போர்ட் வந்தால், வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த நான்கு மார்க்கர்களில் அதிகம் தவறிப்போவது பீட்டா-கேட்டனின். நியூக்ளியஸில் ஏறிய செல்கள் சில நேரம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். சின்ன பயாப்சியில் அந்தத் திட்டு விழாமலே போகலாம். மாறாக, ஸ்டெயினைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டால் சைட்டோபிளாசத்தின் நிறம் நியூக்ளியஸ் மேல் படர்ந்து 'பாசிட்டிவ்' மாதிரி ஏமாற்றும். அதனால் டபிள்யூ.என்.டி. என்று எழுதும் முன் பீட்டா-கேட்டனினை உருவாக்கும் சி.டி.என்.என்.பி.1 ஜீனின் மூன்றாம் பகுதியை (எக்சான் 3) படித்துப் பார்ப்பது, அல்லது 6-ம் குரோமோசோம் ஒன்று குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இந்த வகைக்கு வைத்தியத்தைக் குறைக்கலாமா என்ற ஆய்வுகள் நடப்பதால், தவறாக டபிள்யூ.என்.டி. என்று எழுதுவது, எழுதாமல் விடுவதைவிட ஆபத்தானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'நல்ல வகை' என்று ரிப்போர்ட் வந்ததும் முதுகுத்தண்டுக் கதிர்வீச்சு வேண்டாம் என்று சில குடும்பங்கள் பிடிவாதம் பிடிக்கின்றன. மும்பை டாடா நினைவு மையத்தில், டபிள்யூ.என்.டி. பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டைத் தவிர்த்துக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டி திரும்பி வந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சராசரி ஆபத்துப் பிரிவில் மூளை-முதுகுத்தண்டுக்கு 23.4 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), உயர் ஆபத்தில் 36 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே என்பது வழக்கமான அளவு. மார்க்கர் நல்லதாக இருந்தால் அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம், முழுக்கத் தவிர்ப்பது பற்றி அல்ல.

எஸ்.எச்.எச். வந்தால் பி-53 பதில் மிகவும் கனமானது. 2013-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், டி.பி.53 ஜீன் மாறியிருந்த எஸ்.எச்.எச். பிள்ளைகளில் ஐந்து வருட உயிர்ப்பு 41 சதவீதம், மாறாதவர்களில் 81. பி-53 ஸ்டெயின் பரவலாக, அழுத்தமாக வந்தால் அதோடு நிறுத்தாமல் ஜீனைப் படிக்க வேண்டும், பிள்ளையின் ரத்தத்திலும் பார்க்க வேண்டும். ரத்தத்திலும் மாற்றம் இருந்தால் அது லி-ஃப்ராமெனி என்ற குடும்பவழி நோய். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்பா அம்மா எல்லோருக்கும் பரிசோதனை பற்றி ஒரு மரபணு ஆலோசகரிடம் பேச வேண்டியிருக்கும். அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டுவது சாதாரணமாக இருக்கும் நம் பக்கத்தில், குடும்ப வரைபடத்தை வரையும்போது இரு பக்கத்து உறவையும் விடாமல் சொல்லுங்கள். மூன்று வயதுக்குள் எஸ்.எச்.எச். வந்த பிள்ளைக்குப் பி.டி.சி.எச்.1, எஸ்.யு.எஃப்.யு. ஜீன்களும் ரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும். அதில் மாற்றம் இருந்தால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் பின்னாளில் தோல் புற்றுநோய்கள் முளைக்கும் ஆபத்து அதிகம்.

எபெண்டிமோமா என்ற இன்னொரு வகை மூளைக்கட்டிக்குப் போவோம். பின்மூளைப் பகுதியில் வந்ததென்றால் எச்3-கே27-மீ3 என்ற ஒரே ஒரு மார்க்கர் போதும், பாதிக் கேள்விக்குப் பதில் வரும். கட்டிச் செல்களில் அது காணாமல் போயிருந்தால் பி.எஃப்.ஏ. பிரிவு: சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, திரும்பி வரும் ஆபத்து அதிகம். இருந்தால் பி.எஃப்.பி. பிரிவாக இருக்க வாய்ப்பு அதிகம்: வயது கூடியவர்களுக்கு வருவது, போக்கு மேலானது. இங்கும் ரத்தக்குழாய்தான் சாட்சி. பி.எஃப்.ஏ. என்று வந்தால் 1-ம் குரோமோசோமின் நீளக்கை கூடியிருக்கிறதா, 6-ம் குரோமோசோமின் நீளக்கை குறைந்திருக்கிறதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் கெட்ட குறிகள். மேல்மூளையில் வந்த எபெண்டிமோமாவுக்கு இந்த மார்க்கரால் பயன் இல்லை, அங்கே எல்1-கேம் போட்டு இசட்.எஃப்.டி.ஏ. ஜீன் இணைவைத் தேட வேண்டும். கட்டி மூளையில் எங்கே இருந்தது என்று லேப்புக்கு எழுதி அனுப்பாவிட்டால் தவறான மார்க்கரைப் போட்டுவிடுவார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் நகல், ஆபரேஷன் குறிப்பு, பிள்ளையின் வயது, முதல் பயாப்சி ரிப்போர்ட் நான்கும் பிளாக்கோடு போக வேண்டும்.

மூளைத்தண்டு, தலாமஸ், முதுகுத்தண்டு என்று நடுக்கோட்டில் வரும் பரவலான கிளையோமாவுக்கு எச்3-கே27-எம், எச்3-கே27-மீ3 இரண்டையும் ஜோடியாகப் போடுங்கள். முதலாவது கட்டி நியூக்ளியஸில் பழுப்பாக ஏறி, இரண்டாவது அங்கே இல்லாமல் இருந்தால் ஐயமில்லை. ஒன்றை மட்டும் போட்டால், மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்களின் சைட்டோபிளாசத்தில் ஒட்டும் பொய் நிறத்தைப் பாசிட்டிவ் என்று படிக்கும் தவறு நடக்கிறது. சாதாரண ஸ்டெயினில் கிரேடு 2 மாதிரி சாந்தமாகத் தெரிந்தாலும், இந்த மாற்றம் இருந்தால் அது கிரேடு 4-தான். பெற்றோரிடம் சொல்ல மிகவும் கடினமான ரிப்போர்ட் இது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ரிப்போர்ட். வலி நிவாரணமும் வீட்டுப் பராமரிப்பும் கடைசி வாரத்தில் யோசிக்கும் விஷயங்களாக இல்லாமல், முதல் மாதத்திலேயே தொடங்க இது உதவுகிறது.

இந்த நடுக்கோட்டுக் கட்டிகளில் பயாப்சி ஊசித்துண்டு ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஏற்றி முகத்தைச் சமப்படுத்தும்போது திசு வீணாகச் சீவப்பட்டுக் குப்பைக்குப் போகும். இன்று இரண்டு ஸ்லைடு, அடுத்த வாரம் மூன்று ஸ்லைடு என்று வெட்டினால் மூன்றாவது முறை பிளாக்கில் மெழுகு மட்டும்தான் மிஞ்சும். ஆகவே முதல் வெட்டிலேயே 4 மைக்ரான் தடிமனில் 15 முதல் 20 ஸ்டெயின் போடாத ஸ்லைடுகளை, ஒட்டும்பூச்சு உள்ள சார்ஜ்டு ஸ்லைடில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேண்டுகோளை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கொடுக்கலாம்.

பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா போன்ற, மெதுவாக வளரும் கிரேடு 1 கட்டி முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தால் உடனே மார்க்கர் தேவையில்லை. பிளாக்கைப் பத்திரமாக வைத்திருங்கள், எம்.ஆர்.ஐ.யைத் தவறாமல் எடுங்கள். மிச்சம் இருந்தால் அல்லது திரும்பினால் பிராஃப் ஜீன் முக்கியமாகிறது. இதில் நிறைய பேர் ஏமாறும் ஓர் இடம் உண்டு: பிராஃப் ஜீனில் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று வி600இ என்ற ஓர் எழுத்து மாற்றம், இன்னொன்று கே.ஐ.ஏ.ஏ.1549 என்ற பக்கத்து ஜீனோடு இணைவு. பைலோசைட்டிக்கில் அதிகம் வருவது இணைவு. ஐ.எச்.சி. காட்டுவது வி600இ-யை மட்டும். 'பிராஃப் நெகட்டிவ்' என்று ஒற்றை வரியில் வந்த ரிப்போர்ட்டில் இணைவு பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். இணைவுக்கு ஃபிஷ் அல்லது ஆர்.என்.ஏ. பரிசோதனை வேண்டும், பழைய பிளாக்கில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். இந்தப் பிரிவினை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வி600இ உள்ள பிள்ளைகளுக்கு டப்ராஃபினிப், டிராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. இணைவு உள்ள கட்டிக்கு டப்ராஃபினிப் வகை மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கட்டி வளரத் தூண்டப்படலாம்.

ஃபிஷ் பரிசோதனையில் மெடுல்லோபிளாஸ்டோமாவின் குரூப் 3-4-க்கு மிக், எஸ்.எச்.எச்.-க்கு மிக்-என் ஜீன் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது. மிக் பெருகியிருந்தால் உயர் ஆபத்து, வைத்தியத் திட்டம் மாறும்.

மெத்திலேஷன் பற்றிச் சுருக்கமாக. 2018-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு வெளியிட்ட முறை இது, டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகளை வைத்துக் கட்டியின் வகையைக் கணினி சொல்லும், 0.9-க்கு மேல் மதிப்பெண் வந்தால் நம்பலாம். புதிதாக வந்த நோயாளிகளின் கட்டியில் அவர்கள் இதைப் போட்டுப் பார்த்தபோது சுமார் 12 சதவீதம் பேருக்கு நோயின் பெயரே மாறியது. ஐ.எச்.சி. பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அல்லது குரூப் 3-ஐயும் 4-ஐயும் பிரிக்க வேண்டியிருந்தால் இதற்குப் பணம் செலவிடலாம். பிளாக்கிலிருந்து 10 மைக்ரான் தடிமனில் சீவிய 8 முதல் 10 சுருள், கட்டிச் செல்கள் அடர்ந்த பகுதியிலிருந்து வேண்டும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சு கொடுப்பதென்றால் ஆபரேஷன் முடிந்து 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பதிலுக்காகக் காத்திருந்து அந்த நாட்களைத் தின்றுவிட்டால், கையில் வரும் துல்லியமான ரிப்போர்ட் பிள்ளைக்கு உதவாது.

செலவு. ஐ.எச்.சி. மார்க்கர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஃபிஷ் அதைவிடப் பல மடங்கு. மெத்திலேஷன் அதற்கும் மேலே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பத்தின் கையில் காசு இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் 'எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள்' என்று கடன் வாங்குவதைவிட, மேலே சொன்ன வரிசையில் படிப்படியாகப் போங்கள்: முதலில் ஐ.எச்.சி., அதன் பதிலைப் பார்த்து அடுத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மார்க்கர் செலவு எதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டால் வழி அடைபட்டுவிடும்.

இனி பயணம். பிளாக்கில் இருக்கும் மெழுகு 56-58 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் முன்கண்ணாடி ஓரம் அந்தச் சூடு சாதாரணமாக வரும்; பஸ் எஞ்சின் பானெட் மேல் வைத்தாலும் அப்படியே. மெழுகு இளகினால் திசு கேசட்டிலிருந்து நகர்ந்துவிடும். ஜிப் பையில் பிளாக், அதைச் சுற்றிப் பஞ்சு, சின்ன அட்டைப்பெட்டி, வெளியே தெர்மோகோல், ஓரத்தில் ஜெல் பேக். ஐஸ் கட்டி பிளாக்கைத் தொடக்கூடாது, மெழுகு விரிசல் விடும். ஸ்டெயின் போடாத ஸ்லைடுகளுக்கு எதிரி வேறு: கடற்காற்றின் ஈரம். ஈரம் பட்டு வைத்திருந்த ஸ்லைடில் புரதம் ஆன்டிபாடியைப் பிடிக்கும் தன்மையை இழக்கும். ஸ்லைடு பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, சில வாரங்களுக்குள் லேப்பில் சேர்த்துவிடுங்கள். ராமேஸ்வரம் ரயிலில் சென்னைக்குக் கையோடு கொண்டுபோக முடிந்தால் அதுவே மேல்; கூரியர் என்றால் வெள்ளி, சனி அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுவதும் ஏதோ ஒரு தகரக் கூரைக் குடோனில் கிடக்கும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மார்க்கர்களின் பெயருக்கு நேரே வெறும் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். நியூக்ளியஸிலா சைட்டோபிளாசத்திலா, எத்தனை சதவீதச் செல்களில், கன்ட்ரோல் சரியா, எந்தப் பிளாக் எண்ணில் செய்தது என்ற நான்கும் இருக்க வேண்டும். கீழே, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் ஒருங்கிணைந்த நோய்ப்பெயர் இருக்க வேண்டும். மூளைக்கட்டி நோயியலில் பழகிய டாக்டர் ஒருவர் படித்திருக்கிறாரா, அவரோடு உங்கள் புற்றுநோய் டாக்டர் போனில் பேச முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்பது உங்கள் உரிமை. இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' சொல்லும் லேப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

வேலை முடிந்ததும் மிச்ச பிளாக்கைக் கண்டிப்பாகத் திரும்ப வாங்குங்கள். கட்டி திரும்பினாலோ, சில வருடம் கழித்துப் புதிய மருந்து வந்தாலோ அதே பிளாக்கைத்தான் மறுபடி கேட்பார்கள். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்து, பிளாக் எண்ணோடு ரசீது வாங்கி வைப்பது சிறந்தது. வீட்டில் வைக்க வேண்டி வந்தால் ஓட்டுக்கூரை, தகரக்கூரைக்கு அடியிலோ அடுப்படியிலோ வேண்டாம். பீரோவின் அடித்தட்டில், எவர்சில்வர் டப்பாவில், மேலே பிள்ளையின் பெயர், பிளாக் எண், ஆபரேஷன் தேதி எழுதிய ஸ்டிக்கரோடு வையுங்கள்.